பிப் இருக்கிறது, பையன் கண்ணில்தான் படவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் குடியாத்தத்திலிருந்து அக்கா மகள் பஸ் ஏறி வந்தாள். கல்லூரி முதலாண்டு. தோளில் லேப்டாப் பை, முகத்தில் கடுகடுப்பு. நீட்டிய மோரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, பைதானை மூணு தடவை அழிச்சுட்டு மூணு தடவை போட்டுட்டேன். பிப் வரவே மாட்டேங்குது."

கருப்புத் திரையில் அவள் டைப் செய்திருந்தது 'பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்'. பைதான் என்கிற புரோகிராமிங் மொழிக்கான பாண்டாஸ் என்ற பொட்டலத்தைப் பிப் மூலம் போடச் சொல்லும் கட்டளை. அதற்கு விண்டோஸ் ஆங்கிலத்தில் கொடுத்த பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பிப் என்பது உள் கட்டளையாகவோ, வெளிக் கட்டளையாகவோ, இயங்கக்கூடிய புரோகிராமாகவோ, பேட்ச் ஃபைலாகவோ அடையாளம் தெரியவில்லை."

புரோகிராமிங் பழக வருகிற பத்துப் பேரை உட்கார வைத்தால் பாதிப் பேராவது முதல் வாரத்தில் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் எல்லோரும் செய்வதைத்தான் இவளும் செய்திருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடி போடுவது. அதில் ஒரு பயனும் இல்லை. ஏன் இல்லை என்று புரிந்துவிட்டால் பிப் மட்டுமல்ல, என்பிஎம், கிட், ஜாவா என்று எது இப்படி முரண்டு பிடித்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வார்த்தை. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில்தான் செய்யவேண்டும்.

பேக்கேஜ் மேனேஜர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் எழுதி வைத்த புரோகிராம் பொட்டலங்களை இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவந்து, அதற்குத் தேவையான உப பொட்டலங்களையும் சேர்த்து, நம் கணினியில் சரியான இடத்தில் வைக்கிற எடுபிடி அது. பைதானுக்கு பிப், நோட் ஜேஎஸ்ஸுக்கு என்பிஎம், உபுண்டு லினக்ஸுக்கு ஆப்ட். பிப்பை இயான் பிக்கிங் என்பவர் 2008-ல் எழுதினார். பைதான் கிடங்கில் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருக்கின்றன. 2014-ல் வந்த பைதான் 3.4-லிருந்து, பைதானைப் போட்டாலே பிப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஆக, அக்கா மகள் பைதானை மூன்று முறை போட்டபோது பிப்பும் மூன்று முறை வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஏன் "தெரியவில்லை" என்கிறது?

அந்தப் பிழைச் செய்தியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. சிவப்பாக இல்லாவிட்டாலும் அதைப் பார்த்ததும் ஒரு பதற்றம், உடனே கூகுள். கொஞ்சம் நின்று படித்தால் அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. உள் கட்டளை என்றால் அந்தக் கருப்புத் திரைக்குப் பிறவியிலேயே தெரிந்தவை: ஃபோல்டர் மாற்றுகிற சிடி, பட்டியல் காட்டுகிற டிர், சொன்னதைத் திருப்பிச் சொல்கிற எக்கோ மாதிரி சில. இவை தனி ஃபைலாக எங்கும் கிடையாது. வெளிக் கட்டளை என்றால் டிஸ்க்கில் எங்கோ தனி ஃபைலாகக் கிடப்பவை. பிப் அந்த ரகம். அதன் முழுப் பெயர் பிப்.எக்ஸ்இ. நாம் வால் இல்லாமல் டைப் செய்தாலும், எக்ஸ்இ, பேட், சிஎம்டி என்று தெரிந்த வால்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து விண்டோஸே தேடிக்கொள்ளும்.

எங்கே தேடும்? கணினி முழுக்கத் தேடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேடாது. ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் டிஸ்க் முழுவதையும் துழாவினால் விடிந்துவிடும். அதனால் அதன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்னின்ன ஃபோல்டர்களில், இந்த வரிசையில் தேடு என்கிற பட்டியல். அதன் பெயர் பாத். ஆங்கிலத்தில் பாதை என்ற அதே சொல். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின், 1979-ல் வந்த ஏழாவது பதிப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் இன்றும் அதே பழைய வழியில்தான் போகின்றன.

இதை அவளுக்குப் புரியவைக்கக் கத்தரிக்காயைத்தான் பிடித்தேன். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் தெரியுமில்லையா, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது? வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. அந்த அம்மா ஒரு பையனை அனுப்புகிறார்: "முள் கத்தரிக்காய் வாங்கிட்டு வா." கையில் ஒரு சீட்டு. முதலில் நேதாஜி மார்க்கெட், அங்கே இல்லாவிட்டால் லாங்கு பஜார், அங்கேயும் இல்லாவிட்டால் காட்பாடி. பையன் சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை, ஆனால் சுயபுத்தி துளியும் கிடையாது. சீட்டில் உள்ள மூன்று இடத்துக்கும் வரிசையாகப் போவான். மூன்றிலும் இல்லையென்றால் திரும்பி வந்து "கிடைக்கலம்மா" என்பான். பாகாயத்தில் ஒரு தள்ளுவண்டி நிறையக் கத்தரிக்காய் குவிந்து கிடந்தாலும் அவனுக்கு அது தெரியாது. சீட்டில் பாகாயம் இல்லை, அவ்வளவுதான்.

திரையில் வந்த அந்த நீளமான ஆங்கில வரி, அந்தப் பையன் சொல்கிற "கிடைக்கலம்மா"தான். ஊரில் கத்தரிக்காயே இல்லை என்று அவன் சொல்லவில்லை. நாம்தான் அப்படி எடுத்துக்கொண்டு, புதிதாகக் கத்தரித் தோட்டம் போடக் கிளம்புகிறோம். மூன்று தடவை.

அவள் சிரித்துவிட்டாள். மோரையும் எடுத்துக் குடித்தாள்.

பையனிடம் இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. இரண்டும் பின்னால் உதவும். ஒன்று, நேதாஜி மார்க்கெட்டில் சொத்தைக் கத்தரிக்காய் கிடைத்தாலும் அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். லாங்கு பஜாரில் நல்லது இருக்குமே என்று அடுத்த இடத்துக்குப் போகமாட்டான். முதலில் கண்ணில் பட்டதே முடிவு. இரண்டாவது, அவன் எடுத்துப் போவது சீட்டின் நகல். அவன் தெருமுனை தாண்டிய பிறகு, வீட்டில் உள்ள அசல் சீட்டில் "பாகாயம்" என்று சேர்த்து எழுதினால் அவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, லேப்டாப்புக்கு வருவோம். முதல் வேலை சீட்டைப் பார்ப்பது. கமாண்ட் பிராம்ப்டில், அதாவது அந்தக் கருப்புத் திரையில், 'எக்கோ' என்று டைப் செய்து, இடம் விட்டு, 'பாத்' என்ற சொல்லை இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு எழுதி என்டர் தட்டவேண்டும். பவர்ஷெல் என்கிற நீலத் திரையாக இருந்தால் டாலர் குறி, இஎன்வி, முக்காற்புள்ளி, பாத் என்று ஒட்டி எழுதவேண்டும். ஒரு பெரிய கொத்து வரும். பயப்பட வேண்டாம். அரைப்புள்ளி வருகிற இடமெல்லாம் ஒரு முகவரி முடிகிறது என்று வைத்துப் படித்தால் போதும். அவளுடைய கொத்தில் விண்டோஸ், சிஸ்டம்32, இன்னும் ஏதேதோ இருந்தன. பைதான் என்ற சொல்லே இல்லை.

அடுத்தது, பையனிடமே கேட்பது. 'வேர் பிப்'. வேர் என்றால் ஆங்கிலத்தில் எங்கே. சீட்டில் உள்ள இடங்களில் எங்கெல்லாம் பிப் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். அவளுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று வந்தது. பவர்ஷெல்லில் வெறும் 'வேர்' என்பதற்கு வேறு அர்த்தம், அங்கே வேர்.எக்ஸ்இ என்று முழுசாக எழுதவேண்டும். இது தெரியாமல் நானே ஒரு நாள் அரை மணி நேரம் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியானால் பைதான் எங்கேதான் போயிற்று? சி டிரைவ், யூசர்ஸ், அதற்குள் அவள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ், பைதான், அதற்குள் பைதான்312. இந்த ஆப்டேட்டா மறைத்துவைக்கப்பட்ட ஃபோல்டர், சாதாரணமாகக் கண்ணில் படாது. ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் நேரடியாக எழுதிப் போனோம். பைதான்312-க்குள் பைதான்.எக்ஸ்இ இருந்தது. அதற்குள்ளேயே ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால், வாசற்படியில் தூங்குகிற பூனை மாதிரி பிப்.எக்ஸ்இ.

"இங்கதான் இருக்குதா மாமா இது?"

"மூணு தடவையும் இங்கதாம்மா இருந்துச்சு."

பைதானும் பிப்பும் ஒரே ஃபோல்டரில் இல்லை என்பதைக் கவனித்து வையுங்கள். பைதான் வெளியே, பிப் உள்ளே ஸ்கிரிப்ட்ஸில். சிலருக்குப் பைதான் ஓடும், பிப் மட்டும் ஓடாது. சீட்டில் முதல் முகவரி மட்டும் இருந்து இரண்டாவது விடுபட்டிருக்கும்.

சீட்டில் ஏன் ஏறவில்லை? பைதான் இன்ஸ்டாலரின் முதல் பக்கத்திலேயே, அடியில், சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பைதானைப் பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும். அதில் டிக் இல்லாமல்தான் வரும். நடுவில் 'இன்ஸ்டால் நவ்' என்று பெரிதாக இருப்பதைப் பார்த்தவுடன் விரல் அங்கே போய்விடுகிறது. டிக் போடாமல் விடுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும், ஏற்கெனவே வேறு பைதான் வைத்திருப்பவர்களின் சீட்டைக் கலைக்கக்கூடாது. ஆனால் முதன்முதலாகக் கற்க வருகிற பிள்ளைகளுக்கு இது ஒரு கண்ணி என்பதுதான் என் அபிப்பிராயம். மூன்று முறை போட்டும் மூன்று முறையும் அந்தக் கட்டம் காலியாகவே போயிருக்கிறது.

இப்போது மருந்து. அவசரத்துக்கு ஒன்று, நிரந்தரத்துக்கு ஒன்று.

அவசரத்துக்கு: 'பிஒய்', இடம் விட்டு, சிறு கோடு போட்டு எம், இடம் விட்டு பிப், அப்புறம் வழக்கம்போல இன்ஸ்டால் பாண்டாஸ். பிஒய் என்பது பைதானோடு வருகிற ஒரு சின்ன ஏவலாள். அதைப் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டரிலேயே வைத்துவிடுவதால் பையனின் சீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கோடு-எம்முக்கு அர்த்தம், "உனக்குள் இருக்கிற பிப்பை எடுத்து ஓட்டு" என்பது. பிப்.எக்ஸ்இ எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாது. கத்தரித் தோட்டக்காரரையே போனில் பிடித்த மாதிரி. பாத் சரியாக இருக்கிற கணினியிலும் நான் இப்படித்தான் டைப் செய்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நிரந்தரத்துக்கு இரண்டு வழி. சுலபமானது, அதே இன்ஸ்டாலரைத் திரும்பத் திறப்பது. இம்முறை அழிக்கவேண்டாம். 'மாடிஃபை' என்பதை அழுத்தி, அடுத்த பக்கம் போனால், என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது பாத் சீட்டு இருக்கிற இடத்தில், பைதானைச் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டு முடித்துவிடலாம். இன்னொன்று, கையாலேயே எழுதுவது. ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்று தேடினால், உங்கள் கணக்குக்கான வேரியபிள்களைத் திருத்துகிற பகுதி வரும். மேல் கட்டத்தில் பாத் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, எடிட், பிறகு நியூ. பைதான்312 ஃபோல்டரின் முகவரி ஒரு வரி, அதற்குள் உள்ள ஸ்கிரிப்ட்ஸின் முகவரி இன்னொரு வரி. கடைசியில் ஓகே, ஓகே. ஒரு ஓகேயை விட்டுவிட்டு மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் எழுதியது அத்தனையும் போச்சு.

பழையதை அழிக்காதீர்கள். சேர்க்க மட்டும் செய்யுங்கள். வீடியோக்களில் சிலர் 'செட்எக்ஸ்' என்ற கட்டளையால் ஒரே வரியில் முடித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். உங்கள் சீட்டு அதைவிட நீளமாக இருந்தால் வாலில் உள்ள முகவரிகள் காணாமல் போய்விடும், நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த வேறு ஏதோ ஒன்று இன்று ஓடாது. ஒரு பிள்ளை இப்படிச் செய்துவிட்டு, வைரஸ் வந்துவிட்டது என்று என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தது.

அவளையே கையால் எழுதச் சொன்னேன். எழுதினாள். இரண்டு ஓகே. திரும்ப அதே கருப்புத் திரைக்கு வந்து பிப் என்று தட்டினாள்.

அதே வரி. தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டேன், "பையன் எப்பம்மா கிளம்பினான்?"

ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அந்த விண்டோவை மூடிப் புதிதாகத் திறந்தாள். பிப் ஓடியது. திறந்திருக்கிற ஒவ்வொரு விண்டோவும், அது திறந்த நேரத்துச் சீட்டின் நகலைத்தான் கையில் வைத்திருக்கிறது. அசலைத் திருத்தினால் பழைய விண்டோவுக்குத் தெரியாது. புதுப் பையனை அனுப்பவேண்டும். விஎஸ் கோடு என்கிற எடிட்டருக்குள் இருக்கிற டெர்மினலில், அதாவது அதன் கட்டளைத் திரையில், இந்த விஷயம் இன்னும் ஒரு சுற்று ஏமாற்றும். அங்கே டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் பல நேரம் போதாது. அது விஎஸ் கோடிடமிருந்துதான் நகல் வாங்குகிறது. விஎஸ் கோடையே முழுவதும் மூடித் திறக்கவேண்டும். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்களே, அது பலிப்பதும் இதனால்தான். எல்லாப் பையன்களும் புதிதாகக் கிளம்புகிறார்கள்.

சொத்தைக் கத்தரிக்காயை மறக்கவில்லை. விண்டோஸ் 10-ல் 2019-ல் வந்த ஒரு அப்டேட்டிலிருந்து, பைதான் இல்லாத கணினியில் பைதான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டரில் பைதான்.எக்ஸ்இ என்ற பெயரில் ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கிறார்கள். உண்மையான பைதான் சீட்டில் இருந்தாலும், இந்த ஃபோல்டர் அதற்கு முன்னால் இருந்தால் பையன் பொம்மையைத்தான் தூக்கிக்கொண்டு வருவான். செட்டிங்ஸில் ஆப் எக்ஸிகியூஷன் அலையஸ் என்று தேடி, பைதான் பெயரில் உள்ள இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இதே குணத்தால் வருகிற இன்னொரு தொல்லை, இரண்டு பைதான்கள். பிப் ஒழுங்காக ஓடுகிறது, பாண்டாஸ் ஏறிவிட்டது என்கிறது, ஆனால் புரோகிராமை ஓட்டினால் பாண்டாஸ் இல்லை என்கிறது. 'வேர் பைதான்', 'வேர் பிப்' இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பைதான் ஓர் இடத்திலிருந்தும் பிப் வேறொரு பைதானின் ஸ்கிரிப்ட்ஸிலிருந்தும் வரும். ஒரு வீட்டுக்கு வாங்கிய காய் அடுத்த வீட்டில் இறங்கிவிட்டது. கோடு-எம் போட்டு ஓட்டினால் இந்தக் குழப்பம் வராது, எந்தப் பைதானைக் கூப்பிட்டீர்களோ அதற்கே பொட்டலம் போய்ச்சேரும். நான் எப்போதும் அப்படி டைப் செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை: திரையில் வருகிற செய்தி மாறினால் நோயும் வேறு. பவர்ஷெல்லில் என்பிஎம் என்று தட்டும்போது, என்பிஎம்.பிஎஸ்1 என்ற ஃபைலை ஏற்ற முடியவில்லை, இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தால், பாத்தில் கை வைக்காதீர்கள். பையன் கடையைக் கண்டுபிடித்துவிட்டான், காவலாளிதான் உள்ளே விடவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் போய் ஓட்டினால் ஓடும், அல்லது பவர்ஷெல்லிலேயே என்பிஎம்.சிஎம்டி என்று எழுதலாம். பைதான் ஃபோல்டரை ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திய பிறகு லாஞ்சரில் பிழை என்று வந்தால், அது பிப்.எக்ஸ்இக்குள் பழைய பைதானின் முகவரி எழுதப்பட்டிருப்பதால். ஃபோல்டரை நகர்த்துவதை விட்டுவிட்டு அங்கே மட்டும் அழித்துப் போடுவதுதான் சரி.

உபுண்டுவில் பிப் 'நாட் ஃபவுண்ட்' என்றால், பெரும்பாலும் உண்மையாகவே இல்லை. அங்கே பைதானும் பிப்பும் தனித்தனிப் பொட்டலம். ஆப்ட்டில் பைதான்3-பிப் என்று கேட்டு வாங்கவேண்டும். வாங்கிய பிறகும், 2023-லிருந்து வந்த பதிப்புகளில், இந்தப் பைதானைச் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறது, நீ கை வைக்காதே என்று தடுக்கும். வென்வ் என்று தனியாக ஓர் அறை அமைத்து அதற்குள் போட்டுக்கொள்ளவேண்டும். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

நாலரை ஆகிவிட்டது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்றாள். போவதற்குள் பாண்டாஸையும் போட்டுவிடலாம் என்று தட்டினாள். கோடு நீண்டு நீண்டு போய், நம்பை, டேட்யூட்டில் என்று அவள் கேட்காத பெயர்களெல்லாம் இறங்கி, கடைசியில் வெற்றிகரமாக ஏறியது என்று வந்தது. லேப்டாப்பை மூடப் போனவள் கை நின்றது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி வந்திருந்தது.

"மாமா, மறுபடியும் ஏதோ எரர்."

எட்டிப் பார்த்தேன். பிப்பின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

"முழுசா படிம்மா," என்றேன்.

படித்தாள். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று மூடி வைத்துவிட்டு, செருப்பைத் தேடினாள்.